மேசையில் ஏற்றும் முன் ஐந்து நிமிடம் பேசுங்கள்

மதிப்பிற்குரிய இதயநோய்ப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் உங்கள் கேத் லேபில், அதாவது குழாய் செலுத்தி இதயத்தைப் பார்க்கும் அறையில், என் அம்மாவுக்கு ரத்தக்குழாய் அடைப்பைப் பார்க்கும் ஆஞ்சியோ செய்து, அடைப்பை விரித்துவைக்கும் ஸ்டென்ட்டும் வைத்தீர்கள். காப்பீட்டுத் திட்டத்தில் கைக்காசு செலவில்லாமல் முடிந்தது. அந்த நன்றி எங்களுக்கு என்றைக்கும் உண்டு. சிகிச்சையில் ஒரு குறையும் இல்லை.

ஆனால் என்ன செய்யப்போகிறார்கள் என்று யாரும் அம்மாவிடம் சொல்லவில்லை. அன்று காலையிலிருந்து வெறும் வயிற்றோடு வராந்தாவில் ஸ்ட்ரெச்சரில் கிடந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டதால் எதிரில் வருபவர் முகம்கூடத் தெரியவில்லை. "நெஞ்சைப் பிளப்பாங்களா தம்பி?" என்று ஸ்ட்ரெச்சர் தள்ள வந்தவரிடம் கேட்டிருக்கிறார். "அதெல்லாம் டாக்டர் சொல்வார்" என்றாராம். மணிக்கட்டில் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு அந்த வழியாக மெல்லிய குழாயை இதயம்வரை செலுத்துவார்கள், விழிப்போடுதான் இருப்பீர்கள் என்று, சம்மதப் படிவத்தில் கைநாட்டு வாங்கியவர்கூடச் சொல்லவில்லை.

உள்ளே, ரத்தக்குழாய் படத்தில் தெரிவதற்கான சாய மருந்து ஏறியதும் அடிவயிறு வரை சூடு பரவியிருக்கிறது. படுத்த இடத்திலேயே சிறுநீர் போய்விட்டது என்று நினைத்துவிட்டார். "துணியை நனைச்சிட்டேம்மா, மன்னிச்சிடு" என்று நர்ஸிடம் கெஞ்சியிருக்கிறார். அது மருந்தின் சூடு, சிலருக்கு அப்படித்தான் இருக்கும் என்று பிறகு வார்டில் சொன்னவர் பக்கத்துப் படுக்கை நோயாளி. உங்கள் ஆட்கள் சொல்லியிருக்க வேண்டியது இல்லையா ஐயா?

பயந்தால் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும், மணிக்கட்டுத் தமனி இறுகிக் குழாய் நகரச் சிரமப்படும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் கூடுதலாக மாத்திரையோ ஊசியோ கேட்கவில்லை. பேசுங்கள் என்றுதான் கேட்கிறேன். பேச்சோடு பாட்டும் உதவலாம். இதயநோயாளிகளுக்குப் பாட்டு கேட்பதால் பதற்றம் ஓரளவு குறைகிறது என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு 26 ஆய்வுகளைப் பார்த்து 2013-இல் சொன்னது. அம்மாவின் போன் நிறைய முருகன் பாட்டு. அந்த போனோ வெளியே என் கையில் இருந்தது.

கூட்டம் அதிகம், ஆள் குறைவு என்பீர்கள். உண்மைதான், நாங்களும் கண்ணால் பார்க்கிறோம். ஆனால் ஏழைக்குச் சொன்னால் புரியாது என்கிற நினைப்புக்கு ஆள்பற்றாக்குறை காரணமில்லை. சீட்டு எழுதும் கவுன்ட்டரிலிருந்து டிஸ்சார்ஜ் வரை அதே நினைப்புதான். கேள்வி கேட்டாலே எரிந்து விழுகிறார்கள். என் அம்மா நாலு எழுத்து படிக்காதவர்தான். சொல்லியிருந்தால் புரிந்துகொண்டிருப்பார்.

கோபத்தில் பேச்சு எங்கோ போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். முதல்நாள் மாலை வார்டிலேயே ஒரு நர்ஸ் ஐந்து நிமிடம் பேசட்டும். எங்கே குத்துவார்கள், எப்போது சுடும், எவ்வளவு நேரம் ஆகும் என்று வீட்டாரையும் வைத்துக்கொண்டு சொல்லட்டும். லேப் வாசல்வரை கூட ஒருவரை இருக்க விடுங்கள். கண்ணாடியை அதுவரை கழற்ற வேண்டாம். காத்திருக்கும் நேரத்தில் விருப்பப்பட்டவர் ஹெட்செட்டில் பாட்டு கேட்கட்டும்.

அடுத்த வாரம் ஆஞ்சியோவுக்கு அட்மிட் ஆகிறவர்களிடமிருந்தே இதைத் தொடங்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்களிடம் சிகிச்சை பெற்ற ஒரு தாயின் மகள்