நீ தாவாமல் இறங்கி வந்த மாலை

கொழிஞ்சாம்பாறை,
ஆடி, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி சற்றுக் குறைந்திருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பலமாகத் தொடங்கிவிட்டது. நேற்றிரவு கிணற்றடித் தென்னையிலிருந்து இரண்டு மட்டைகள் விழுந்த சத்தத்தில் விழித்துக்கொண்டேன். பிறகு உறக்கம் வரவில்லை. மாசி மாதம் நார்வேயின் லில்லஹாமரில் உன் பனிச்சறுக்குத் தாவல் மாலைப் பயிற்சியைப் பார்த்துக்கொண்டு நின்றதே நினைவில் ஓடிக்கொண்டிருந்தது. அன்று குளிரில் வாய் திறக்க முடியவில்லை என்று உன்னிடம் சொன்னது பாதிதான் உண்மை.

1994 ஒலிம்பிக்கிற்காகக் கட்டிய பெரிய தாவுமேடையையும் அதன் 936 படிகளையும் பகலில் நீ காட்டியபோதே எனக்கு வயிறு கலங்கிவிட்டது. நீ தாவுவது அதில் அல்ல, நாற்பது மீட்டர் தூரத்துக்குப் பறக்கிற சிறு குன்றில்தான் என்று தெரிந்த பிறகும் கலக்கம் முழுவதும் தீரவில்லை. முப்பது வயதுக்கு மேல், அலுவலகம் முடிந்து வந்து, பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் வரிசையில் நின்று பழகுகிற விளையாட்டா இது என்றுதான் முதலில் எண்ணினேன்.

விளக்குகள் எரிந்ததும் நீ ஸ்கிகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு படியேறினாய். உன்னைவிட நீளமான அந்தக் கட்டைகளின் அடியில் ஓடும் பள்ளக்கோடுகளை வீட்டில் விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன். காலணியின் முனை மட்டும் பூட்டிக்கொள்ள, குதிகால் மேலெழும்ப வழிவிட்டிருப்பதையும் நீ காட்டினாய். தாவும் முனை வானத்தைப் பார்த்து ஏறியிருக்கும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது, மேலே எழுப்புவது தாவுகிறவரின் கால்தான் என்பதை அன்றுதான் அறிந்தேன். நீ பறந்தபோது உனக்கும் பனிக்கும் இடையே நான் அஞ்சிய உயரம் இல்லை; சரிவும் உன்னோடு சேர்ந்தே இறங்கிக்கொண்டிருந்தது. தட்டையான தரையில் விழுந்தால் எலும்பு முறியும், சரிவில் இறங்குவதால்தான் அடி தாங்குகிறது என்று நீ விளக்கியதை ஊருக்கு வந்து அம்மாவிடம் மூன்று முறை சொல்லிவிட்டேன். அவள் இன்னும் நம்பவில்லை.

ஸ்கிகளின் முனைகளை நீ அகல விரித்துப் பறப்பது என் கண்ணுக்கு அழகாகப் படவில்லை. ஸ்வீடனின் யான் போக்லோவ் அப்படிப் பறக்கத் தொடங்கியபோது நடுவர்களும் மதிப்பெண்ணைக் குறைத்தார்கள் என்றும், அவரே 1988-89 உலகக் கோப்பையை வென்ற சில ஆண்டுகளில் எல்லோரும் அந்த முறைக்கு மாறினார்கள் என்றும் நீ சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

நான்கு முறை தாவினாய். ஐந்தாம் முறை மேலே குறுக்குக் கம்பியில் உட்கார்ந்தபோது, ஓரத்தில் கட்டியிருந்த சிறு துணி நாடாக்கள் திசை மாறி ஆடின. எதிர்க்காற்று தாவுகிறவரைத் தாங்கும், பின்காற்று கீழே அழுத்தும் என்று நீ சொல்லியிருந்ததால் எனக்கும் விளங்கியது. தாவலாம் என்று பயிற்சியாளர் கையை இறக்கவில்லை. நீ காத்திருந்தாய், உனக்குப் பின்னால் பையன்களும் காத்திருந்தார்கள். பிறகு நீ கம்பியின் மேலேயே பக்கவாட்டில் நகர்ந்து எழுந்து, ஸ்கிகளைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு படி வழியாக இறங்கி வந்துவிட்டாய். இன்று இவ்வளவு போதும் அப்பா என்றாய்.

உன் தாத்தா சித்தூர்ப் பக்கத்துத் தோப்புகளில் பாளை சீவியவர் என்பது உனக்குத் தெரியும். நான் எட்டாவது படிக்கையில் இப்படி ஓர் ஆடி மாத மாலை, கலயம் தூக்க அவரோடு போயிருந்தேன். ஒரே ஒரு மரம் பாக்கி. அவர் தளைநாரைக் காலில் மாட்டி, மரத்தில் கை வைத்து, தலையை உயர்த்தி ஓலைகளைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு நாரைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, வாடா போகலாம் என்றார். அன்று அளவு குறைந்ததற்காகக் கள் எடுக்க வந்தவர் எல்லோர் முன்னிலும் அவரை ஏசினார், கூலியிலும் பிடித்துக்கொண்டார். என் அப்பா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பயந்துவிட்டார் என்று நான் வெட்கப்பட்டேன். நெடுநாள், நான் வாத்தியாராகி ஓய்வு பெறும் வரைகூட, அந்த வெட்கம் உள்ளே எங்கேயோ கிடந்தது. நீ படியிறங்கி வந்த வேளையில்தான் அவர் அன்று ஓலையில் எதைப் பார்த்தார் என்பது எனக்குப் புரிந்தது. அதனால்தான் அம்மிணி, அன்று உன்னிடம் பேச்சு எழவில்லை.

இப்போது அங்கே கோடை என்பதால் நீர் தெளித்த பிளாஸ்டிக் பாய்களின் மேல் இறங்குவதாகவும், இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருப்பதாகவும் போனில் சொன்னாய். இருட்டு வந்து நிறுத்தாத ஊரில், இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை என்று தோன்றிக்கொண்டே இருக்கும் என்பதுதான் என் கவலை. விட்டுவிடு என்று சொல்ல இதை எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது எத்தனை முறை தாவினாய் என்று மட்டும் சொல்கிறாய்; எத்தனை முறை தாவாமல் இறங்கி வந்தாய் என்பதையும் சேர்த்துச் சொல். அம்மாவிடம் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
அப்பா