கோல்கீப்பரை மட்டும் ஏசாதே மக்கா

அன்புள்ள மக்கா,

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி முன்னைக்குத் தேவலை. நீ அனுப்பிய பணம் வந்தது, அடுக்களைக் கூரையை மாற்றியாயிற்று. மற்ற விசேஷமெல்லாம் போனில் பேசிக்கொள்ளலாம். இந்த விஷயத்தைப் போனில் எடுத்தால் நீயும் நானும் சத்தம் போட்டே சார்ஜைத் தீர்த்துவிடுவோம். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் தம்பி விஷயம்தான். ஃபுட்பால் அரையிறுதியில் கோலியாக, அதாவது கோல்கீப்பராக, நின்று அவன் விட்ட கோலை எவனோ வீடியோ எடுத்து தோஹா வரைக்கும் அனுப்பியிருக்கிறான். அதைப் பார்த்துவிட்டு நீ அவனுக்குப் போட்ட வாய்ஸ் மெசேஜ் திண்ணையில் இருந்த எனக்கும் கேட்டது. “கோலிக்குக் கைதாம்லே வேலை, காலு எதுக்கு? நீ என்ன ஒனானாவா?” என்று, மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு ஆடிய கோலியை இழுத்து. அன்றிலிருந்து அவன் கிரவுண்டுப் பக்கம் போகவில்லை. கையுறை கொடியில் கிடக்கிறது. அம்மா அதைத் துணியோடு துணியாக மடித்து அலமாரியில் வைத்துவிட்டாள்.

அந்த வீடியோவில் பந்து அவன் காலுக்கு வந்த பிறகுதான் படம் ஓடுகிறது. நான் போஸ்டுக்குப் பின்னால் தென்னைமூட்டில் நின்று முழுவதும் பார்த்தவன். நடந்ததைச் சொல்கிறேன்.

வலப்பக்கம் நம்ம ஸ்டாப்பர், கோலிக்கு முன்னால் நின்று தடுக்கிறவன், பந்தை எடுத்தான். பக்கத்தில் எதிராளி எவனும் கிடையாது. திரும்பி முன்னால் பார்க்க நேரம் இருந்தது. ஆனால் அவன் நம்ம கோலைப் பார்த்தபடியே பந்தை வாங்கி, தலையை நிமிர்த்தாமல் பின்னால் ஓங்கி விட்டான். மணலில் துள்ளித் துள்ளி வந்த பந்து, தம்பியின் இடதுகாலுக்கும் ஒரு அடி வெளியே வந்தது. அவன் வலதுகாலன். இன்னொரு ஸ்டாப்பர் அகன்று, கோலுக்கு முன்னால் கோடு போட்ட பெட்டியின் ஓரத்துக்கு இறங்கியிருக்க வேண்டும். அவன் நடுக்கோட்டுப் பக்கம் இடுப்பில் கைவைத்து நின்றான். நடுவில் ஆடுகிற பையன் கீழே வந்து காட்டியிருக்க வேண்டும். அவன் எதிராளியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து நின்றான். தம்பி காலை நீட்டி நிறுத்தினான், பந்து மணலில் புதைந்தது, எதிரணி ஃபார்வேர்டு நுனிக்காலால் தட்டி உள்ளே போட்டான். கரையில் நின்ற அத்தனை பேரும், “சவத்தத் தூக்கி அடிச்சா என்னல?” என்று கத்தினார்கள். வாரம் முழுக்க “கீழ இருந்து கட்டிக் கொண்டுவாங்கலே”, அதாவது கோலியிலிருந்தே பாஸ் கொடுத்து முன்னேறுங்கள் என்று சொல்லிக்கொடுத்த கோச்சும் அவர்களோடு சேர்ந்து கையை விரித்தார். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான், கோல் விழுந்ததில் இல்லை.

நீயும் ஸ்டாப்பர், நானும் ஸ்டாப்பர். உன் காலுக்கு வந்த பந்து எல்லாம் தென்னைக்கு மேலேதான் போகும், ஊருக்கே தெரியும். நான் ஆடின காலத்தில் எனக்கு அந்தக் கஷ்டமும் இல்லை. நெருக்கினால் கோலிக்குத் தள்ளிவிடுவேன், அவன் கையில் எடுத்துக்கொள்வான், திருப்பி எனக்கே உருட்டுவான், நான் மறுபடியும் அவனுக்கே. இப்படியே அரைமணி நேரத்தை ஓட்டிவிடலாம். 1990 உலகக் கோப்பையில் பெரிய பெரிய அணிகளே அதைத்தான் செய்தன, பார்க்கிறவனுக்குக் கொட்டாவி வந்தது. 1992-ல் சட்டத்தை மாற்றினார்கள். தன் அணிக்காரன் காலால் வேண்டுமென்றே தள்ளிய பந்தைக் கோலி கையால் தொடக்கூடாது என்றார்கள். அன்றைக்கே கோலிக்குக் கால் முளைத்தாயிற்று. பிறகு 2019-ல், கோலுக்கு முன்னால் பந்தை வைத்து உதைக்கிற கோல்கிக்கில், பந்து பெட்டியை விட்டு வெளியே போகத் தேவையில்லை, உள்ளேயே கூட்டாளி வாங்கலாம் என்று இன்னொரு மாற்றம். இந்த இரண்டும் மேனேஜர்களின் ஃபேஷன் இல்லை, சட்டமே ஆட்டத்தை அங்கே தள்ளிக்கொண்டு போனது.

அந்த 1990-லேயே ஹிகிட்டாவை நாங்கள் ஒரே டிவியைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். கொலம்பியாக் கோலி, நடுக்கோட்டுப் பக்கம் வரைக்கும் பந்தோடு வருவான். கேமரூனுக்கு எதிராக அப்படி வந்தபோது 38 வயது ரோஜர் மில்லா பந்தைப் பறித்துக் கோல் போட்டான், கொலம்பியா வெளியே. உன் சித்தப்பா அன்றைக்குச் சொன்னதைத்தான் இன்றைக்கு நீ தம்பியிடம் சொல்லியிருக்கிறாய், ஒரு சொல் மாறாமல்.

கோலி ஏன் காலால் ஆட வேண்டும்? கணக்கு எளிது. எதிரணிக் கோலி அவன் போஸ்டை விட்டு நம்ம பக்கம் வரமாட்டான். ஆக நம்மை நெருக்க வருகிறவர்கள் 10 பேர்தான். நம்ம கோலியையும் ஆட்டத்தில் சேர்த்தால் நாம் 11. அவனை நெருக்க ஒருத்தன் ஓடி வந்தால் இங்கே ஒருத்தன் சும்மா நிற்பான். அந்தச் சும்மா நிற்கிறவனைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. இது கோலியின் காலில் மட்டும் இல்லை, மற்ற 10 பேரின் நிற்பில் இருக்கிறது. நிற்க வேண்டிய இடத்தில் எவனும் நிற்காமல் கோலியை மட்டும் “நீ காலால் ஆடு” என்றால் அவன் என்ன செய்வான்?

குவார்டியோலாவை எடுத்துக்கொள். 2016-ல் மான்செஸ்டர் சிட்டிக்கு மேனேஜராக வந்ததும் கோலி ஜோ ஹார்ட்டை ஒதுக்கிவிட்டு பார்சிலோனாவிலிருந்து கிளாடியோ பிராவோவைக் கொண்டுவந்தார். அதே அக்டோபரில் பார்சிலோனா மைதானத்திலேயே பிராவோ வெளியே வந்து பந்தை நேராக எதிரணி ஃபார்வேர்டு சுவாரஸ் காலில் கொடுத்தான், திரும்பி வந்த பந்தைப் பெட்டிக்கு வெளியே கையால் தடுத்துச் சிவப்பு அட்டை வாங்கினான். 4-0 தோல்வி. இங்கிலாந்துப் பத்திரிகையெல்லாம் சிரித்தது. எவர்ட்டனிலிருந்து வாங்கிய ஜான் ஸ்டோன்ஸையும் சேர்த்துத்தான் சிரித்தார்கள், பந்தை வைத்துக்கொண்டு விளையாடுகிற ஸ்டாப்பர் என்று. மனுஷன் முறையை விடவில்லை, ஆளை மாற்றினார். 2017-ல் பென்ஃபிகாவிலிருந்து எடர்சன் கோலியாக வந்தான். அந்த சீசன் லீக்கில் 100 புள்ளியோடு பட்டம். அதே ஸ்டோன்ஸ் 2023 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் ஸ்டாப்பர் இடத்திலிருந்து நடுவுக்கு ஏறி ஆடினான். கடைசி நிமிடங்களில் எதிரணி லுகாகுவின் ஹெட்டரைத் தடுத்துக் கோப்பையைக் காத்தது, நீ ‘காலுக்காரன்’ என்று கேலி செய்கிற எடர்சன்தான்.

அன்றைக்கு எதிர்ப்பக்கம் இன்டர் மிலான் கோலி யார்? உன் ஒனானா. அந்த ஆட்டத்தில் அவன் கால் எவ்வளவு நன்றாக இருந்தது என்று நீயே அப்போது சொன்னாய். அடுத்த மாதம் மேனேஜர் டென் ஹாக் அவனை யுனைடெட்டுக்குக் கூட்டிவந்தார், பழைய கோலி டி கெயா போனான், அதுவும் அந்த சீசனில் அதிக ஆட்டங்களில் கோல் விடாத கோலிக்கான கோல்டன் கிளவ் வாங்கிய கையோடு. பிறகு என்ன ஆயிற்று? மியூனிக்கில் சானே அடித்தது அவன் உடம்புக்கு அடியில் நழுவிப் போனது. இஸ்தான்புல்லில் சியெக் அடித்த இரண்டு ஃப்ரீகிக் உள்ளே போனது. இதெல்லாம் கையால் விட்டது மக்கா, காலால் இல்லை. காலால் விட்டதும் உண்டு, மறுக்கவில்லை. ஓல்ட் டிராஃபோர்டில் கலட்டாசராய்க்கு எதிராக அவன் தப்பாகக் கொடுத்த பாஸில்தான் கசெமிரோ சிவப்பு அட்டை வாங்கினான். ஆனால் உங்கள் ரூமில் எல்லாரும் ஒனானாவின் காலைத்தானே ஏசினீர்கள்? காலுக்காக ஆளை வாங்கிவிட்டு, அந்தக் காலுக்கு முன்னால் பந்தை வாங்கத் தெரிந்த ஆட்களை நிறுத்தாத மேனேஜரைப் பற்றி உங்களுக்குள் எத்தனை பேர் பேசினீர்கள்?

கடலில் வலை எந்த இடத்தில் இறக்குவது என்று சொல்கிறவன் ஸ்ராங்கு. மீன் படவில்லை என்றால் வலை இழுத்தவனையா ஏசுவோம்?

நீ என்ன பதில் சொல்வாய் என்று தெரியும். அந்தக் குவார்டியோலாவே 2025-ல் எடர்சனைத் துருக்கிக்கு அனுப்பிவிட்டு டொன்னரும்மாவைக் கொண்டுவந்தாரே, அவன் கையால் தடுக்கிற ஆள்தானே என்பாய். சரிதான். பாரிஸ் அணியில் மேனேஜர் லூயிஸ் என்ரிக்கே டொன்னரும்மா வேண்டாம் என்றார், சாம்பியன்ஸ் லீக் ஜெயித்துக் கொடுத்த அதே வருஷம். ஒருத்தர் வேண்டாம் என்றவனை இன்னொருத்தர் வாங்குகிறார். யுனைடெட்டும் ஒனானாவை அனுப்பிவிட்டு லாமென்ஸ் என்ற கோலியைப் பிடித்தது. இதிலிருந்து எனக்குத் தெரிவது கை பெரிதா கால் பெரிதா என்பதில்லை. தன்னிடம் இருக்கிற பத்துப் பேரைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

பிடிவாதம் பிடிக்கிற மேனேஜரும் உண்டு. கொம்பனி பர்ன்லி அணியை இங்கிலாந்தின் இரண்டாம் டிவிஷனில் 101 புள்ளியோடு ஜெயிக்க வைத்தார். மேலே வந்து அதே மாதிரி கீழே இருந்து கட்டி ஆடினார், 2024-ல் மறுபடியும் இறங்கிப் போனது. ஆட்டம் அதேதான், நெருக்க வந்தவர்களின் வேகம் வேறு. பிறகு ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் அவரைக் கூப்பிட்டது, 2025-ல் பட்டமும் வாங்கினார். ஊருக்குள் கோச்சு என்று விசிலைத் தொங்கப்போடுகிறவர்கள் முதலில் பர்ன்லியைத்தான் படிக்க வேண்டும், சிட்டியை இல்லை.

நம்ம நாட்டில் இந்திய அணிக் கோச் ரஹீம் சாப் 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஜர்னைல் சிங்கை, சுத்தமான ஸ்டாப்பரை, முன்னால் ஃபார்வேர்டாக ஆடவிட்டார். இறுதியில் கொரியாவுக்கு எதிராக அவர் ஒரு கோல் போட்டார், 2-1, தங்கம். தோற்றிருந்தால் ஜர்னைலையா கேட்டிருப்பார்கள்? ரஹீமைத்தான் கேட்டிருப்பார்கள். அந்தக் காலத்து ரசிகனுக்கு அந்த நியாயம் இருந்தது என்று நினைக்கிறேன், கொஞ்சம் கிழட்டுப் பேச்சுதான் இது.

தோஹாவில் நீ இருந்தபோதுதானே 2022 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் லுசைலில் நடந்தது? அர்ஜென்டினாக் கொடியைப் போர்த்திக்கொண்டு நீ அழுத போட்டோவை அம்மா இன்னும் வைத்திருக்கிறாள். கூடுதல் நேரம் முடியப் போகிற வேளையில் பிரான்ஸின் கோலோ முவானி தனியாக வந்து அடித்ததை அர்ஜென்டினாக் கோலி மார்ட்டினெஸ் எதால் தடுத்தான்? காலால். அது வேறு கால் என்று எனக்கும் தெரியும், இருந்தாலும் “கோலிக்குக் காலு எதுக்கு” என்று இனி நீ சொல்லாதே.

நம்ம கிரவுண்டு என்னவென்று உனக்குத் தெரியாததல்ல. ஆனி ஆடியில் கடற்காற்றுக்கு எதிராக உயர அடித்த கோல்கிக் நடுக்கோட்டைத் தாண்டாது, சில நேரம் திரும்பி நம்ம பெட்டிக்கே வரும். தரையில் போட்டால் மணல் பிடிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இந்தப் பிள்ளைகள் ஆட வேண்டும். இதே மணலில் தொட்டுப் பழகித்தான் இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் இந்தியன் சூப்பர் லீக் வரைக்கும் போனான். பந்து புதைகிற இடத்தில் முதல் தொடுகை கற்றவனுக்குப் புல்தரை சுகமாகத்தான் இருக்கும்.

தம்பிக்குக் குறை இல்லை என்று நான் சொல்லவில்லை. இடதுகால் வேலைக்கு ஆகாது. பந்து வரும் முன்னே இரண்டு பக்கமும் பார்ப்பதில்லை. வாங்கும்போது உடம்பு மூடியே நிற்கிறது, அதனால் வந்த பக்கமே திருப்பிக் கொடுக்கிறான். இதைச் சொல்லு, கேட்பான். குருசடிச் சுவரில் தினமும் இடதுகாலால் அடித்துத் திரும்பி வருவதை இடதுகாலாலேயே நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். வெள்ளை அடித்த சுவரைக் கெடுத்தால் பங்குச் சாமியார் வீட்டுக்கு வருவார், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அந்த ஸ்டாப்பர் பையனிடமும் பேசிவிட்டேன். கோலிக்குப் பந்து கொடுக்கிறதானால் போஸ்டுக்கு நேராகக் கொடுக்காதே, அவன் நல்ல காலுக்குக் கொடு, கொடுத்துவிட்டு நின்றுவிடாதே, அகன்று போய் மறுபடி கேள் என்றேன். தலையை ஆட்டினான். ஆடும்போது தெரியும்.

கோச்சிடம் நான் எதுவும் பேசவில்லை. பேசினால் தம்பியைத்தான் பெஞ்சில் உட்கார வைப்பார்.

கையுறை அனுப்புகிறதானால் 9-ஆம் நம்பர் வாங்கு. போன தடவை வந்தது சின்னது, விரல் மடங்கிக்கொண்டது. பூட்ஸ் இப்போது வேண்டாம்.

அவனை நீயே கூப்பிடு. மெசேஜ் போடாதே, கூப்பிடு. சனிக்கிழமை மத்தியானம் கூப்பிட்டால் சாயங்காலப் பயிற்சிக்குப் போவான். ராத்திரி யுனைடெட் ஆட்டம் முடிந்த பிறகு மட்டும் வேண்டாம், தோற்ற அன்றைக்கு உன் வாயில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும்.

அன்புடன்
அப்பா