ஜெயில்ல இருக்கறவர் கேஸ் போட எதுக்கு தனி பெர்மிஷன்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நான் சிட்னில இருக்கேன், மாசம் ஒரு தடவை இங்க ஜெயிலுக்குப் போய் யாருமே பாக்க வராத கைதிகளோட உக்காந்து பேசிட்டு வருவேன். போன், பர்ஸ் எல்லாம் லாக்கர்ல வச்சுட்டுதான் உள்ள விடுவாங்க, கைதிங்க முதுகுல ஜிப் வச்ச வெள்ளை ஓவரால் போட்டுட்டு வருவாங்க. அதுல ஒருத்தர், அம்பது தாண்டினவர், 12 வயசுல ஒரு குழந்தைங்க ஹோம்ல தனக்கு நடந்த கொடுமையை போன வருஷம்தான் முதல் தடவையா சொன்னார், சொல்லி முடிக்கற வரைக்கும் என் முகத்தைப் பாக்கல, மேஜை விளிம்பை நகத்தால சுரண்டிக்கிட்டே இருந்தார்.

இப்ப அவர் நஷ்டஈடு கேட்டு கேஸ் போடணும்னா முதல்ல அதுக்கே கோர்ட்ல பெர்மிஷன் வாங்கணும். சிட்னி இருக்கற நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துல 1981ல வந்த சட்டம், பெரிய குற்றத்துக்கு உள்ள இருக்கறவங்க எல்லாருக்கும் இது உண்டு. அதுக்கு முன்னாடி இன்னும் மோசம், டார்சி டுகன்னு ஒரு கைதி பத்திரிகை மேல அவதூறு வழக்கு போட்டப்ப, மரண தண்டனை ஆயுளா குறைஞ்சவர்தான், ஆனாலும் வழக்கு போடற உரிமையே கிடையாதுன்னு 1978ல இங்க இருக்கற உச்சபட்ச கோர்ட்டே சொல்லிடுச்சு.

பெர்மிஷன் கேக்கறப்ப ஜட்ஜ் பாக்கறது வழக்குல முகாந்திரம் இருக்கா, கோர்ட்டை வீணா இழுத்தடிக்கறாங்களான்னுதான். ஆதாரமில்லாத கேஸை தள்ளுபடி பண்ண கோர்ட்டுக்கு ஏற்கனவே அதிகாரம் இருக்கே, எல்லாருக்கும் அதானே நடக்குது, அப்புறம் இவங்களுக்கு மட்டும் வாசல்ல இன்னொரு கேட் எதுக்கு? வக்கீல் செலவு, அஃபிடவிட், அந்தக் கொடுமையை மறுபடி எழுதி கையெழுத்து போடறது, எல்லாம் கேஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே.

ஹோம், ஸ்கூல் மாதிரி இடங்கள்ல குழந்தைகளுக்கு நடந்த பாலியல் கொடுமைய விசாரிச்சு 2017ல முடிஞ்ச ராயல் கமிஷன் கிட்ட தனியா வந்து பேசினவங்கள்ல பத்துல ஒருத்தர் ஜெயில்ல இருந்தவர், இந்த மாதிரி விஷயத்தை வெளிய சொல்லவே சராசரியா 24 வருஷம் ஆகுதுன்னும் அவங்கதான் கண்டுபிடிச்சாங்க. அதனாலதான் கமிஷன் முடியறதுக்கு முன்னாடியே, சிறு வயசு கொடுமை வழக்குக்கு காலக்கெடுவே வேண்டாம்னு 2016ல நியூ சவுத் வேல்ஸ் எடுத்துட்டுது. அரசாங்க நிவாரணத் திட்டத்துல கூட ஜெயில்ல இருந்தே அப்ளை பண்ணலாம்னு 2024ல மாத்திட்டாங்க. இந்த ஒரு பெர்மிஷன் மட்டும் அப்படியே நிக்குது. அவர் செஞ்ச குத்தத்துக்கு தண்டனை அனுபவிக்கிறார், அதை நான் குறைக்கச் சொல்லல, அவரால பாதிக்கப்பட்டவங்களோட வலியும் எனக்குத் தெரியுது. ஆனா அந்த ஹோம்ல அது நடந்தப்ப அவருக்கு 12 வயசுங்க.

குழந்தைப் பருவ வழக்குகளுக்கு மட்டுமாவது இந்த விதியை மாநில பார்லிமென்ட் எடுக்கணும், நம்ம ஆளுங்க அவங்கவங்க தொகுதி எம்பிக்கு ஒரு லெட்டர் போடுங்க. அவருக்கு ஃபார்ம் வந்திருக்கு, எழுத்து சரியா வராது, அடுத்த மாசம் படிச்சுக் காட்டறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.

இப்படிக்கு,
சிட்னி வாசகர்