ஒரே கருவியில் மூன்று வாயுக்கள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு, அம்மோனியா மூன்றையும் ஒரே கருவியில் அளக்க எந்த லேசர் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். அலைநீளத்தை எவ்வளவு அகலமாக மாற்ற முடிகிறதோ அவ்வளவு நல்லது என்னும் எண்ணம் உன் எழுத்தில் தெரிகிறது. நானும் முன்பு அப்படித்தான் நம்பியிருந்தேன்.

நடு அகச்சிவப்புப் பகுதியின் சிறப்பு உனக்குத் தெரிந்ததே. மூலக்கூறுகளின் அடிப்படை அதிர்வுகளே அங்கு ஒளியை உட்கவர்வதால், வாயுவை அடையாளம் காட்டும் உட்கவர் கோடுகள் வலுவாக இருக்கின்றன. 1994-இல் பெல் ஆய்வகத்தில் ஃபைஸ்ட்டும் கபாசோவும் குழுவினரோடு இயக்கிக் காட்டிய குவாண்டம் காஸ்கேட் லேசரில், குறைக்கடத்தி அடுக்குகளின் தடிமனை மாற்றியே அலைநீளத்தைத் தேர்ந்துகொள்ளலாம் என்பதால் இந்தப் பகுதி நம் கைக்கு எட்டியது.

லேசருக்கு வெளியே ஒரு கிரேட்டிங் (ஒளியை அலைநீளவாரியாகப் பிரிக்கும் கோடிட்ட தகடு) வைத்துத் திருப்பினால் 100 செ.மீ.⁻¹-க்கும் (ஒரு சென்டிமீட்டரில் எத்தனை அலைகள் என்னும் அலகு) மேல் நகரலாம். ஆனால் நகரும் உறுப்பு உண்டு, வேகம் குறைவு, நடுவழியில் லேசர் ஒரு மோடிலிருந்து, அதாவது தனக்குள் நிலைக்கும் ஓர் அலைநீளத்திலிருந்து, இன்னொன்றுக்குத் தாவியும் விடும். மின்னோட்டத்தாலும் வெப்பநிலையாலும் நகர்த்தும் டி.எஃப்.பி. லேசர் (கிரேட்டிங் சிப்பிலேயே பொறிக்கப்பட்ட வகை) சில செ.மீ.⁻¹ தூரமே போகும், இருந்தும் 7.8 மைக்ரானை ஒட்டி மீத்தேன் கோடும் நைட்ரஸ் ஆக்சைடு கோடும் அருகருகே இருப்பதால், அந்த இரண்டுக்கும் அதுவே போதும். அம்மோனியாவுக்கு 10 மைக்ரானை ஒட்டி இன்னொரு டி.எஃப்.பி. லேசரை வைத்து, இரண்டு கற்றைகளையும் வாயு நிரப்பிய ஒரே செல்லுக்குள் மாறி மாறிச் செலுத்து என்பதே என் யோசனை.

என் அசட்டுத்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வாரம் முழுவதும் அம்மோனியா என்று நான் குறித்துவைத்தது அம்மோனியாவே இல்லை. செல்லின் துத்தநாக செலினைடு ஜன்னல் 5 மி.மீ. தடிமன், அதன் இரு முகங்களுக்கிடையே ஒளி எதிரொளித்து நிறமாலையில் 0.4 செ.மீ.⁻¹ இடைவெளியில் ஏற்ற இறக்க அலைகளை எழுப்பிக்கொண்டிருந்தது. வளிமண்டல அழுத்தத்தில் வாயுக் கோட்டின் அகலமும் அந்த அலையின் ஒரு மேட்டின் அகலமும் ஏறக்குறைய ஒன்றே என்பதால், என் கணினி நிரல் அந்த மேட்டை வாயு என்றே எண்ணிவிட்டது. செல்லை வெற்றிடமாக்கிய பிறகும் "அம்மோனியா" அப்படியே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. ஆகையால் இரு முகங்களும் இணையாக இல்லாத ஆப்பு வடிவ ஜன்னல்களையே கேட்டு வாங்கு.

உன் மாதிரியில் ஈரப்பதம் எவ்வளவு, எந்த அழுத்தத்தில் அளக்கப்போகிறாய் என்பதை அடுத்த கடிதத்தில் எழுது. நீராவிக் கோடுகள் குறுக்கிடாத இடங்களைப் பார்த்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்