லுவாங்வா பள்ளத்தாக்கும் லிகோமா தீவும்: நண்பனுக்கு ஒரு கடிதம்

லுசாகா

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதமும் அதோடு நீ இணைத்திருந்த பயணத் திட்டமும் கிடைத்தன. ஓய்வு பெற்ற கையோடு நீயும் தங்கை வள்ளியும் ஆப்பிரிக்கா வருவதென்று முடிவு செய்திருப்பதில் எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. எத்தனை ஆண்டுகளாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்! பெரியவனுக்குக் கனடாவில் வேலை உறுதியானது நிறைவான செய்தி. வள்ளியின் முழங்கால் வலிதான் மனத்தை உறுத்துகிறது. அதையும் கணக்கில் வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

இங்கே நாங்கள் நலம். 2024 வறட்சியில், எங்கள் மின்சாரத்துக்கு ஆதாரமான கரீபா ஏரி வற்றி, நாளின் பெரும்பகுதி மின்சாரம் இல்லாமல் ஊரே தவித்தது. சோளம் காய்ந்து கருகிய வயல்களைப் பார்த்துக்கொண்டு அந்த ஆண்டைக் கடத்தினோம். அடுத்த மழைக்காலம் கைகொடுத்த பிறகுதான் எல்லோருக்கும் மூச்சு வந்தது. எங்கள் வீட்டுக் கூரையில் இப்போது சூரிய மின்தகடுகள் இருக்கின்றன. நீங்கள் வரும்போது இருட்டில் உட்கார வேண்டியிருக்காது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மசாய் மாரா, செரங்கெட்டி, விக்டோரியா அருவி, கேப் டவுன் என எல்லாவற்றையும் பன்னிரண்டு நாளில் அடைத்து ஒரு திட்டம் அனுப்பியிருக்கிறாய். ஒவ்வொன்றும் அருமையான இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பன்னிரண்டு நாளில் பாதி விமான நிலையங்களில் கழிந்துவிடும். மீதிப் பாதியில் ஒரு சிங்கத்தைச் சுற்றி நிற்கும் வண்டிகளில் உங்கள் வண்டியும் ஒன்றாக இருக்கும். வாழ்நாள் சேமிப்பில் ஒரு பகுதியை எடுத்துச் செலவழிக்கப் போகிறாய். இரண்டே இடங்களுக்குப் போ. தெற்கு லுவாங்வா தேசியப் பூங்காவில் ஆறு இரவு, அங்கிருந்து மலாவி ஏரியில் இருக்கும் லிகோமா தீவில் ஐந்து இரவு. வேறெங்கும் போக வேண்டாம்.

லுவாங்வா ஆறு சாம்பியாவின் கிழக்குப் பகுதியில் வடக்கிலிருந்து இறங்கி சாம்பேசி ஆற்றில் சேர்கிறது. அதன் குறுக்கே அணை இல்லை. மழைக்காலத்தில் கரையை அறுத்துக்கொண்டு தடம் மாற்றிப் பாய்கிறது. பழைய தடங்கள் வளைந்த குளங்களாகத் தேங்கி நிற்கின்றன. வறண்ட மாதங்களில் எல்லா உயிரும் அந்தக் குளங்களையும் ஆற்றையும் நம்பித்தான் வாழ வேண்டும். ஏறத்தாழ 9,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பூங்காவில் விலங்குகளைத் தேடி அலைய வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லாமல் போவது இதனால்தான். ஆற்றின் ஒரு வளைவில் உட்கார்ந்தால் போதும், நீர்யானைகளின் முதுகுகளை எண்ணி முடிப்பதற்குள் யானைக் கூட்டம் தண்ணீர் குடிக்க இறங்கிவிடும். தார்னிகிராஃப்ட் ஒட்டகச்சிவிங்கி என்ற துணையினம் உலகத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் மட்டுமே இருக்கிறது. சிறுத்தைகளுக்குப் பேர்போன இடம். இரவில் விளக்கு வைத்த ஜீப்பில் போய்ப் பார்க்க இங்கே அனுமதி உண்டு. ஆப்பிரிக்காவில் பல பூங்காக்களில் பொழுது சாய்ந்தால் வெளியேறிவிட வேண்டும்.

காண்டாமிருகம் மட்டும் கிடையாது. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்தவற்றைக் கொம்புக்காகக் கொன்று 1980களின் முடிவுக்குள் துடைத்தழித்துவிட்டார்கள். 2003 முதல் வடக்கு லுவாங்வா பூங்காவில் கருப்புக் காண்டாமிருகங்களை மீண்டும் கொண்டுவந்து காவலோடு வளர்க்கிறார்கள். "ஐந்து பெரிய விலங்குகளையும் பார்த்தாக வேண்டும்" என்று உன் பட்டியலில் எழுதியிருந்தாயே, அதை அடித்துவிடு. ஆறு நாளும் பட்டியலோடு சுற்றினால் வேறு எதையும் பார்க்க மாட்டாய்.

நான் உன்னை இங்கே இழுப்பதற்கு முதல் காரணம் நடை. இன்று ஆப்பிரிக்கா முழுவதும் பரவியிருக்கும் நடைச் சஃபாரி வேரூன்றியது இந்தப் பள்ளத்தாக்கில்தான். வனவிலங்குத் துறையில் இருந்த நார்மன் கார் என்ற ஆங்கிலேயர் 1950இல் இப்பகுதியின் தலைவரான சீனியர் சீஃப் ந்செஃபுவிடம் ஒரு யோசனை சொன்னார். விலங்குகளைச் சுடாமல் பார்க்க மட்டும் வருகிறவர்களுக்கு ஒரு முகாம் கட்டுவோம், வருமானம் உங்கள் மக்களுக்கே போகட்டும் என்றார். தலைவர் ஒப்புக்கொண்டார். பணம் படைத்தவர்கள் வேட்டையாடுவதற்கென்றே ஆப்பிரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. அந்த நேரத்தில் இப்படி யோசித்த இரண்டு பேரையும் நினைத்தால் எனக்கு இன்றும் கை கூப்பத் தோன்றுகிறது. விருந்தினர்களைக் காட்டுக்குள் கால்நடையாக அழைத்துப்போகும் வழக்கத்தையும் பின்னர் நார்மன் கார்தான் தொடங்கிவைத்தார்.

நடை என்றதும் நீ பயப்படுவாய் என்று தெரியும். முறையைச் சொல்கிறேன், கேள். காலை ஆறு மணிக்குக் கிளம்புவார்கள். துப்பாக்கியோடு வனக்காவலர் முன்னே போவார், அடுத்து வழிகாட்டி, அவர் பின்னால் நாம் ஒற்றை வரிசையில். கடைசியில் தேநீர்ப் பாத்திரங்களைச் சுமந்து ஒருவர் வருவார். வழிகாட்டி சாம்பல் நிரப்பிய சிறு துணிப்பையை அவ்வப்போது உதறுவார். பறக்கும் சாம்பல் காற்றின் திசையைக் காட்டிவிடும். நம் வாடை விலங்குக்குப் போகாத பக்கமாக வழியை மாற்றிக்கொண்டே போவார்கள். ஜீப்பில் உட்கார்ந்திருக்கும்வரை காடு வெளியே இருக்கும். தரையில் கால் வைத்து, முந்நூறு அடி தொலைவில் ஒரு கொம்பன் யானை காதை விரிப்பதைப் பார்க்கும்போது அதன் எடை உன் உள்ளங்காலுக்கே தெரியும்.

பெரிய விலங்கே கண்ணில் படாமல் போகும் காலைகளும் உண்டு. அப்படி ஒரு காலையில் எங்கள் வழிகாட்டி மணலில் மண்டியிட்டு ஒரு சுவட்டைக் காட்டினார். சிறுத்தையின் சுவடு. அதன்மேல் ஏதோ பூச்சி ஊர்ந்த மெல்லிய கோடு குறுக்காக ஓடியிருந்தது. "இந்தப் பூச்சி இரவில்தான் நடமாடும். அப்படியானால் சிறுத்தை விடிவதற்கு முன்பே போய்விட்டது" என்றார். பக்கத்திலேயே மணலில் சின்னச் சின்னப் புனல் குழிகள். நாம் பள்ளி மைதானத்து ஓரத்தில் ஊதி ஊதிப் பிடிப்போமே, அதே குழியானை! கிகீலியா மரத்தடியில் உதிர்ந்து கிடந்த கருஞ்சிவப்புப் பூக்களைக் காட்டி, இதைத் தின்ன மான்கள் வரும், மேலே கிளையில் சிறுத்தை காத்திருக்கும் என்றார். முழ நீளக் காய்கள் தொங்கும் அந்த மரத்தை அதன்பிறகு அண்ணாந்து பார்க்காமல் நான் கடந்ததில்லை.

வள்ளிக்கு நடை வேண்டாம். நீ காலையில் நடக்கும் நேரத்தில் அவள் ஜீப்பில் போய்வரலாம். மாலையில் இருவரும் சேர்ந்து போங்கள். சாப்பாட்டுக்கும் அவள் கவலைப்பட வேண்டியதில்லை. முன்கூட்டியே எழுதிவிட்டால் சைவம் தனியாகச் சமைப்பார்கள். இங்குள்ளவர்கள் தினம் உண்ணும் ந்ஷீமா நம் களி மாதிரிதான், வெள்ளைச் சோள மாவில் கிண்டியது. நிலக்கடலைப் பொடி தூவி வேகவைத்த பூசணிக் கீரையோடு அதைக் கையால் உருட்டிச் சாப்பிடச் சொல். அவளுக்குப் பிடிக்கும்.

செலவைப் பற்றியும் பேசிவிடலாம். உச்சப் பருவத்தில் உயர்தர முகாம்களில் ஓர் இரவுக்கு ஒருவருக்கு 1,000 டாலரைத் தாண்டுவது சாதாரணம். தலை சுற்றும் தொகைதான். சாப்பாடு, நடை, ஜீப், வழிகாட்டி எல்லாம் அதில் அடக்கம். காட்டின் உட்பகுதியில் இருக்கும் சிறு முகாம்கள் பலவற்றை ஆண்டுதோறும் மழை ஓய்ந்ததும் புல்லும் மூங்கிலும் கொண்டு புதிதாகக் கட்டுகிறார்கள், மறுமழைக்கு முன் பிரித்துவிடுகிறார்கள். சில விருந்தினர்களுக்காக எல்லாப் பொருளையும் நெடுந்தூரத்திலிருந்து சுமந்துவர வேண்டும். விலை ஏறாமல் என்ன செய்யும்? நீ ஒன்று செய்யலாம். முதல் மூன்று இரவு பூங்கா வாசலில், ம்ஃபுவே ஊருக்குப் பக்கத்து ஆற்றங்கரையில் இருக்கும் நடுத்தர விடுதியில் தங்குங்கள். அடுத்த மூன்று இரவுக்கு மட்டும் உட்பகுதி முகாம். செலவு கணிசமாகக் குறையும், அனுபவத்தில் குறையிருக்காது. பேரம் பேசி மிச்சம் பிடிக்க நினைத்து வழிகாட்டி விஷயத்தில் மட்டும் சமரசம் செய்துகொள்ளாதே. தளும்பத் தளும்ப வெந்நீர் நிரம்பிய தொட்டியும் வெள்ளித் தட்டும் எந்த ஊர் ஓட்டலிலும் கிடைக்கும். அந்த மணலைப் படித்துக் காட்டக்கூடிய மனிதர் அங்கேதான் கிடைப்பார். முகாமைத் தேர்வு செய்யும்போது, கிராமத்துப் பள்ளிக்கும் மக்களுக்கும் வருமானத்தில் பங்கு போகிறதா என்று கேட்டுவிடு. யானை வயலுக்குள் புகுந்து சோளத்தை அழித்துவிட்டுப் போவதைத் தாங்கிக்கொண்டு வாழ்கிறவர்கள் அவர்கள்.

எப்போது வருவது? செப்டம்பர் கடைசி வாரம். நல்ல வெயில், ஆனால் மதுரைக்காரர்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. புதர்கள் இலை உதிர்த்திருக்கும், பார்வைக்குத் தடை இருக்காது. அந்த நேரத்தில் செந்நிறப் பஞ்சுருட்டான்கள் கூட்டங்கூட்டமாக வந்து ஆற்றின் செங்குத்தான மண்கரையில் வளை தோண்டிக் கூடு கட்டும். கரை முழுக்கச் சிவப்பும் நீலப்பச்சையுமாகச் சிறகடிக்கும். வள்ளி அதைப் பார்த்தே ஆக வேண்டும். கருப்பு, கருநீலத் துணிகளை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். செட்சீ ஈக்கள் அந்த நிறங்களைத் தேடி வந்து கடிக்கும். மலேரியாத் தடுப்பு மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுக் கிளம்புமுன்பே தொடங்கிவிட வேண்டும்.

காட்டிலிருந்து ஏரிக்குப் போவது எளிது. ம்ஃபுவேயிலிருந்து சிறு விமானத்தில் மலாவியின் தலைநகரான லிலொங்வே, அங்கே குடிநுழைவுச் சோதனை, பிறகு இன்னொரு சிறு விமானத்தில் தீவு. சக்கரம் வைத்த பெரிய பெட்டியை ஏற்ற மாட்டார்கள். மடங்கக்கூடிய துணிப்பையில், பெரும்பாலும் 15 கிலோவுக்குள் எல்லாம் அடங்க வேண்டும்.

லிகோமா ஒரு விசித்திரமான தீவு. கண்ணுக்கெட்டும் தூரத்தில் மொசாம்பிக் கரை தெரியும், ஆனால் தீவு மலாவிக்குச் சொந்தம். 1880களில் ஆங்கிலிக்கன் திருச்சபையினர் இங்கே தங்கள் தலைமையிடத்தை அமைத்ததுதான் காரணம். ஏரியின் எல்லையைப் பிரித்தபோது லிகோமாவும் பக்கத்துத் தீவான சிசுமுலுவும் அப்போது மலாவியை ஆண்ட பிரிட்டிஷார் பக்கமே நின்றுவிட்டன. 2018 கணக்கெடுப்பின்படி இரண்டிலும் சேர்த்து 15,000 பேர்கூட இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் நூறு மீட்டர் அளவுக்கு நீளும் ஒரு பேராலயம் நிற்கிறது! 1903இல் கட்டத் தொடங்கியது. சூனியம் வைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களை முன்பு எரித்த இடத்திலேயே அதை எழுப்பினார்கள் என்கிறார்கள். உள்ளே ஒரு மரச்சிலுவை இருக்கிறது. ஆப்பிரிக்காவில் ஆய்வுப் பயணம் செய்த டேவிட் லிவிங்ஸ்டன் 1873இல் இறந்தபோது அவருடைய இதயத்தை எந்த மரத்தடியில் புதைத்தார்களோ, அந்த மரத்தில் செதுக்கியது. அவர் இறந்த இடம் இன்றைய சாம்பியாவில் இருக்கிறது. வெயில் தாழ்ந்த நேரத்தில் போ. வண்ணக் கண்ணாடி வழியாக வரும் ஒளி கல்தரையில் விழும்போது பார்க்க வேண்டும்.

ஆனால் தீவின் செல்வம் தண்ணீருக்குள் இருக்கிறது. ஏறத்தாழ 580 கிலோமீட்டர் நீளமும் 700 மீட்டர் அளவுக்கு ஆழமும் உள்ள ஏரி. உலகத்தில் வேறெந்த ஏரியிலும் இத்தனை மீன் இனங்கள் இல்லை. அவற்றில் மிகப் பெரும்பாலானவை சிக்லிட் வகை, வேறெங்கும் பிறக்காதவை. சென்னை கொளத்தூர் கடைகளில் கண்ணாடித் தொட்டிக்குள் மஞ்சளும் நீலமுமாக நீந்தும் ஆப்பிரிக்கச் சிக்லிட்களைப் பார்த்திருப்பாய். அவற்றில் பலவற்றின் பூர்வீகம் இந்த ஏரிதான். முகக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாறையோரமாக மிதந்தால் போதும், முகத்துக்கு முன்னாலேயே மேயும். சில தாய்மீன்கள் முட்டைகளை வாய்க்குள்ளேயே வைத்து அடைகாக்கும். குஞ்சு பொரித்த பிறகும் ஆபத்து வந்தால் குஞ்சுகள் அத்தனையும் தாயின் வாய்க்குள் பாய்ந்து ஒளியும். நான் பார்த்த ஒரு தாய், குஞ்சுகள் உள்ளே போனதும் கன்னம் உப்பி, பாறைப் பிளவுக்குள் பின்வாங்கி என்னையே உறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. எதையும் தொடாமல் மெல்ல விலகி வந்தேன்.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். ஏரியின் சில பகுதிகளில் நத்தைகள் வழியாகப் பரவும் பில்ஹார்சியா ஒட்டுண்ணி உண்டு. நாணல் மண்டிய தேங்கிய நீரில் இறங்காதே. ஊர் திரும்பிச் சில வாரங்கள் கழித்து மருத்துவரிடம் சொல்லிப் பிராசிகுவாண்டல் மாத்திரை எடுத்துக்கொள். எந்தக் கரையில் முதலை வரும் என்பதை உள்ளூர்க்காரர்களிடம் கேட்டுக்கொண்டு நீந்து. மே முதல் ஆகஸ்ட் வரை வீசும் ம்வேரா என்ற தென்கிழக்குக் காற்று செப்டம்பர் முடிவில் பெரும்பாலும் தணிந்துவிடும். நான் அந்த மாதத்தைச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

தீவின் தென்பகுதியில் பாறைகளுக்கு நடுவே கல்லும் புற்கூரையுமாகக் கட்டிய குடில்களில் தங்கலாம். பகலில் கிராமத்துக்கு நடந்துபோ. பாவோபாப் மரங்களுக்கும் மாமரங்களுக்கும் இடையே வீடுகள். கரையில் பந்தல் கட்டி உசிப்பா என்ற பொடிமீனைக் காயப்போட்டிருப்பார்கள். பெண்கள் அதைப் புரட்டிக்கொண்டே பேச்சுக்கு இழுப்பார்கள். 1951இல் ஏரியில் பயணிகளை ஏற்றத் தொடங்கிய இலாலா கப்பல் அந்த நாள்களில் வந்தால் விட்டுவிடாதே. முன்பெல்லாம் துறை மேடை கிடையாது. சிறு படகுகள் கப்பலை நோக்கி ஓடும். கோழி, மூட்டை, குழந்தை என எல்லாம் கைமாறி இறங்கும். தீவே கரையில் கூடி நிற்கும்.

லுசாகாவுக்கு நீங்கள் துபாய் வழியாக வருவது வசதி. வந்திறங்கியதும் இரண்டு நாள் எங்கள் வீட்டில் ஓய்வு. அதை எந்தத் திட்டத்திலும் சேர்க்காதே, அது பேச்சுக்கு இடமில்லாதது. ம்ஃபுவேக்கு இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான விமானப் பயணம். அதுவரை நானும் கூட வருகிறேன். தீவுக்கு நீங்கள் இருவர் மட்டும் போங்கள்.

உட்பகுதி முகாம்களில் ஒவ்வொன்றிலும் சில அறைகள்தான். செப்டம்பர் மாத இடங்கள் முந்தைய ஆண்டே நிரம்பத் தொடங்கிவிடும். பொங்கலுக்கு முன் பதில் எழுது. இருவரின் பாஸ்போர்ட்டிலும் காலாவதித் தேதியையும் வெற்றுப் பக்கங்களையும் பார்த்துச் சொல். இரண்டு நாடு என்பதால் இரண்டு அனுமதி, அதன் விவரங்களைத் தனியே அனுப்புகிறேன். வள்ளியின் மூட்டு மருத்துவர் ஜீப் குலுக்கலுக்குச் சம்மதிக்கிறாரா என்பதை மட்டும் முதலில் கேட்டுவிடு. அவர் சரி என்றால் அன்றே முன்பணம் கட்டிவிடலாம்.

உன் அன்பு நண்பன்,
மாணிக்கம்