மூலையில் ஒரு சோதனைத் துண்டு வையுங்கள்: டீக்கால் அச்சிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் செய்யும் மாடல் விமானக் கிட்களுக்கு டீக்கால் தாள், அதாவது தண்ணீரில் நனைத்து வழுக்கி ஒட்டும் சின்னங்கள் உள்ள தாள், அச்சிட்டுத் தரும் நிறுவனத்தார் அனைவருக்கும்,

வணக்கம்.

நேற்று இரவு என் ஸ்பிட்ஃபயர் (இரண்டாம் உலகப்போர்க் கால பிரிட்டிஷ் போர் விமானம்) மாடலின் இடது இறக்கைக்கு உரிய வட்டச் சின்னம் ஏழு துண்டானது. இறக்கையின் மேற்புறத்தில் வருமே, நீலமும் சிவப்பும் மட்டும் உள்ள அந்தப் பெரிய வட்டம். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து விநாடி முக்கி, எடுத்து டிஷ்யூ மேல் வைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, ஈரப் பிரஷ்ஷின் நுனியால் மெல்லத் தள்ளினேன். முதலில் முடி போல ஒரு கோடு தெரிந்தது. தூசி என்று நினைத்தேன். அடுத்த தள்ளலில் அந்தக் கோடு இரண்டாகக் கிளைத்தது. அப்புறம் ஆற்றுப்படுகை வெடிப்பது போல வட்டம் முழுக்க வெடித்து, பாதி தாளிலும் பாதி பிரஷ்ஷிலுமாக ஒட்டிக்கொண்டு நின்றது.

இதை யாரோ ஒருவர் மீது பழி போட எழுதவில்லை. அந்தப் பெட்டி வருடக்கணக்கில் என் அலமாரியின் மேல்தட்டில், வெயில் காய்ந்த சுவரை ஒட்டிக் கிடந்தது. அதில் என் பங்கும் உண்டு. ஆனால் உங்களிடம் கேட்க ஒரே ஒரு விஷயம் இருக்கிறது: தாளின் மூலையில் தூக்கி எறிவதற்கென்றே ஒரு சோதனைத் துண்டு அச்சிடுங்கள். பக்கத்திலேயே, அச்சிட்ட ஆண்டையும் போட்டுவிடுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். கிட்டில் உள்ள பிளாஸ்டிக்குக்கு அவ்வளவு சுலபத்தில் வயதாவதில்லை. முப்பது வருடம் கழித்துத் திறந்தாலும் ஒட்டலாம், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாம். டீக்கால் அப்படி இல்லை. கீழே தாள், அதன் மேல் தண்ணீரில் கரையும் டெக்ஸ்ட்ரின் பசை, அதற்கும் மேலே மையைத் தாங்கும் மெல்லிய வார்னிஷ் படலம். நம் கையில் மிஞ்சுவது அந்தப் படலம் மட்டும்தான். காலம் ஆக ஆக அது மஞ்சளடிக்கிறது, காய்ந்து விறைக்கிறது, வளைய மறுக்கிறது. தாளில் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. பளபளவென்று புதிது போலவே இருக்கும். தண்ணீரில் இறங்கினால்தான் குட்டு வெளிப்படும்.

பிளாஸ்டிக் பாகத்தின் உட்புறத்தில் ஓர் ஆண்டு பொறித்திருக்கிறதே என்பீர்கள். அது பிளாஸ்டிக்கை வார்க்கும் அச்சைச் செய்த ஆண்டு. அதே அச்சில் வார்த்த பாகங்களை எத்தனையோ முறை புதுப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். உள்ளே இருக்கும் தாள் எந்தச் சுற்றில் அச்சானது என்று வாங்குகிறவனுக்கு எப்படித் தெரியும்?

மஞ்சளடித்தால் வைத்தியம் இருக்கிறது. தாளை ஜன்னல் கண்ணாடியில் வெளிப்பக்கம் பார்க்க டேப் போட்டு ஒட்டிவைத்தால், சில நாள் வெயிலில் பெரும்பாலும் வெளுத்துவிடும். உடையும் தாளுக்கும் வைத்தியம் உண்டு. மைக்ரோஸ்கேல் விற்கும் லிக்விட் டீக்கால் ஃபிலிம் போல ஒன்றை மேலே பூசலாம், இல்லையென்றால் பளபளப்பு வார்னிஷை மெல்லியதாக ஸ்பிரே செய்யலாம். புதுப் படலம் பழையதைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். ஆனால் பூசிய பிறகு தாள் முழுக்க ஒரே படலமாகிவிடும். ஒவ்வொரு சின்னத்தையும் விளிம்பை ஒட்டிக் கத்தியால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். தடிமனும் கொஞ்சம் கூடும். பூச்சு தேவைப்படாத தாளுக்கு யார் இதைச் செய்வார்கள்? தேவையா என்று தெரிய, ஒன்றைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தாக வேண்டும்.

எல்லாரும் சொல்லும் அறிவுரையும் அதுதான்: "தேவையில்லாத டீக்கால் ஒன்றை முதலில் சோதித்துப் பாருங்கள்." சரி. இரண்டு மூன்று விமானங்களுக்கான சின்னங்கள் ஒரே தாளில் வந்தால் பிரச்சினை இல்லை. ஒரே ஒரு விமானத்துக்கான தாளில் தேவையில்லாதது எது? நான் வழக்கமாகப் பலிகொடுப்பது மூலையில் இருக்கும் உங்கள் தயாரிப்பு எண்ணை. நேற்றும் அதைத்தான் போட்டேன். அருமையாக வழுக்கிக்கொண்டு வந்தது. அதை நம்பித்தான் வட்டத்தை இறக்கினேன். நாலு எழுத்து அகலமுள்ள துண்டு உடையாமல் வருவதும், கட்டைவிரல் அகல வட்டம் உடையாமல் வருவதும் ஒன்றா? சிறிய துண்டை இழுக்கவும் வளைக்கவும் வேண்டியதே இல்லை.

அதனால் சோதனைத் துண்டு ஒரு சென்டிமீட்டராவது அகலமாக இருக்கட்டும். இரண்டு நிறம் ஒன்றின்மேல் ஒன்றாக வரட்டும், வெள்ளை கட்டாயம் இருக்கட்டும். தாளில் எப்படியும் காலி இடம் இருக்கிறது. மற்ற சின்னங்களுக்கு ஓடும் அதே நிறங்களில்தான் இதுவும் அச்சாகப்போகிறது.

உடைகிறதா என்பதோடு அதன் வேலை முடிவதில்லை. டீக்காலை இளக்கும் திரவங்கள் பல இருக்கின்றன. மைக்ரோ சால், மிஸ்டர் மார்க் சாஃப்டர், சால்வாசெட் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வீரியம். ஒருவரின் தாளில் படலத்தைப் பேனல் கோட்டுக்குள் (விமானத் தகடுகளின் இணைப்பைக் காட்டும் பள்ளக் கோடு) அழகாக இறக்கும் அதே திரவம், இன்னொருவரின் தாளில் ஒரே சொட்டில் மையையே கரைத்துவிடும். முதல்முறை செய்கிறவர்களுக்கு இதில் இன்னொரு கண்டம். திரவம் பட்டதும் டீக்கால் சுருங்கி, கிழவர் முகம் போல ஆகும். பதறிப்போய் விரலை வைத்தால் போச்சு. தொடாமல் விட்டால் பெரும்பாலும் தானே படிந்துவிடும். எந்தச் சுருக்கம் படியும், எந்தச் சுருக்கம் நிலைத்துவிடும் என்பதை அந்தச் சோதனைத் துண்டில் பார்த்துக்கொள்ளலாமே. உங்கள் விளக்கத்தாளிலோ "தண்ணீரில் முக்கி, வழுக்கி ஒட்டவும்" என்பதற்கு மேல் ஒரு வரி இருப்பதில்லை.

அப்படியே, படலம் தாள் முழுக்க ஒன்றாக இருக்கிறதா, சின்னத்துக்குச் சின்னம் தனியாக இருக்கிறதா என்று ஒரு வரி சேர்த்தால் புண்ணியமாகப் போகும். விளக்கைச் சாய்த்து, தாளைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

(நிறம் விலகுவதைப் பற்றித் தனி மடலே எழுதலாம். வட்டத்தின் சிவப்பு நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் தள்ளிப்போனால், 1/72 அளவில் (உண்மையான விமானத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு) அது உண்மையான விமானத்தில் 36 மில்லிமீட்டர். சிவப்புப் புள்ளியைத் தனியாக அச்சிட்டுத் தரும் புண்ணியவான்கள் உங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் நன்றி.)

1944 ஜூனில் நார்மண்டிப் படையெடுப்புக்கு முன் விமானங்களில் போட்ட கறுப்பு வெள்ளைப் பட்டைகளையும் சிலர் டீக்காலாகத் தருகிறீர்கள். ஒற்றை எஞ்சின் விமானத்தில் பட்டை ஒவ்வொன்றும் 18 அங்குல அகலம், 1/72-ல் கிட்டத்தட்ட 6.35 மில்லிமீட்டர். அதை உடற்பகுதியைச் சுற்றி வளைத்து, கீழே முனையோடு முனை சேர்ப்பதற்குள் உயிர் போகிறது. நான் அதை மாஸ்கிங் டேப் போட்டுப் பெயின்டே அடித்துவிடுகிறேன். அன்று தரையில் நின்றவர்களும் அவசர அவசரமாகப் பிரஷ்ஷால் அடித்ததுதானே. கோணலாக வந்தால்கூட வரலாறு என் பக்கம். வட்டச் சின்னத்தில் அந்தச் சலுகை கிடையாது.

அந்த ஏழு துண்டுகளையும் இறக்கை மேலேயே தண்ணீர் விட்டு, பிரஷ் நுனியால் ஒவ்வொன்றாக நகர்த்திச் சேர்த்தேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. வெடிப்புகளில் நீலத்தையும் சிவப்பையும் கலந்து தொட்டு வைத்திருக்கிறேன். நீல வளையத்துக்கு நடுவே ஒரு கோடு மட்டும், எந்தப் பக்கம் திருப்பினாலும் கண்ணில் படுகிறது.

வலது இறக்கைக்கான வட்டம் இன்னும் தாளில்தான் இருக்கிறது. அதன் மேல் படலம் பூசிக் காயவைத்திருக்கிறேன். நாளை இரவு அதைத் தண்ணீரில் இறக்க வேண்டும். பூச்சு பிடித்திருக்கிறதா என்று முன்கூட்டிப் பார்க்க, அந்தத் தாளில் வேறு எதுவும் மிச்சமில்லை.

இப்படிக்கு,
உங்கள் தயாரிப்பு எண்களைத் தண்ணீரில் முக்கும் ஒரு மாடல்காரன்