கோட்டுக்குப் பின்னால் நின்றவர்களுக்கு

அன்புடையீர்,

நாளேட்டில் நான் வரைந்துவந்த படக்கதைத் தொடர் நிறைவடைந்ததையொட்டி வரும் பாராட்டுக் கடிதங்கள் எல்லாம் என் ஒருவன் பெயருக்கே வருவதால், அவற்றில் யார் யாருக்குப் பங்குண்டு என்பதைச் சொல்லிவிடும் கடமை எனக்கு இருக்கிறது.

முதல் நன்றி, அச்சுக்கூடத்தில் பிளாக், அதாவது படத்தைத் தாளில் பதிப்பதற்கான அச்சு, செய்துகொண்டிருந்த பெரியவருக்கு. தொடக்க நாட்களில் நிழலுக்காகக் குறுக்குக்கோடுகளை நெருக்கமாக இழைத்து நான் கொடுத்த படத்தை ஒரு சொல்லும் சொல்லாமல் வாங்கிக்கொண்ட அவர், மறுநாள் அச்சான தாளை என் முன் விரித்தார். கதைநாயகனின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் மைத்திட்டு ஒன்று இருந்தது. செய்தித்தாள் மையை உறிஞ்சிப் பரவவிடும் என்பதையும், பெரிதாக வரைந்த படம் பாதியாகச் சுருங்கும்போது கோடுகளுக்கு இடையிலுள்ள வெள்ளையும் சுருங்கிப்போகும் என்பதையும் எந்த ஓவிய வகுப்பிலும் நான் கற்றிருக்கவில்லை. “கோட்டைக் குறைங்க, தம்பி” என்றார். பின்னாளில் என் பாணி என்று பிறர் புகழ்ந்த எளிமை அவர் இட்ட பிச்சை.

துணையாசிரியர் அம்மையாருக்கு நான் பட்ட கடன் வேறு வகையானது. நம் மொழியின் சொற்கள் நீளமானவை. பேச்சுக் குமிழிக்குள் அவற்றை அடைத்தால் பாத்திரத்தின் தலைக்கு இடமிருக்காது. நான் பன்னிரண்டு சொற்களில் எழுதிய வசனத்தை அவர் ஐந்தாக்கித் திருப்பித் தருவார். சிரிப்பு அந்த ஐந்தில்தான் இருக்கும். சில வாரங்களுக்கு முன்கூட்டியே தர வேண்டிய படங்களை நான் கெடு தாண்டித் தந்தபோதெல்லாம் ஆசிரியரிடம் என்ன சொல்லிச் சமாளித்தார் என்பதை நான் கேட்டதில்லை, கேட்கும் துணிவும் இருந்ததில்லை.

என் மனைவிக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார். ஆகையால், அவரே என் முதல் வாசகர், எளிதில் சிரிக்காத வாசகரும்கூட என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கை நடுங்கத் தொடங்கியபோது விட்டுவிடலாம் என்றிருந்தேன். 1950 அக்டோபர் 2இல் ஏழு நாளேடுகளில் தொடங்கிய பீனட்ஸ் என்ற அமெரிக்கப் படக்கதைத் தொடரின் 17,897 படங்களையும் உதவி ஓவியர் எவரையும் வைத்துக்கொள்ளாமல் வரைந்த சார்லஸ் ஷுல்ஸ், பிற்காலத்தில் கை நடுங்கியபோதும் அந்தக் கோட்டை மறைக்காமல் வரைந்தார் என்பதை எனக்கு எடுத்துக்காட்டியவர் என் மருத்துவர். அந்த ஓவியரின் கடைசி ஞாயிற்றுப் படம் 2000 பிப்ரவரி 13 அன்று வெளியானது. அதற்கு முந்தைய இரவுதான் அவர் மறைந்தார். அந்த உழைப்போடு என்னை ஒப்பிட்டுக்கொள்ளும் தகுதி எனக்கில்லை. எனினும், நடுங்கிய கோட்டோடு மேலும் சில ஆண்டுகள் வரைய அந்த எடுத்துக்காட்டு போதுமானதாக இருந்தது.

இறுதியாக, கதைநாயகனின் சட்டையில் நான்கு பொத்தான்கள் இருக்க வேண்டும் என்பதை நான் மறக்கும்போதெல்லாம் தவறாமல் அஞ்சலட்டை எழுதிய வாசகருக்கு என் வணக்கம். நிறைவுப் படத்தில் மூன்றுதான் இருக்கின்றன, ஐயா. தங்கள் அட்டை இன்னும் வந்து சேரவில்லை.

நன்றியுடன்,
தங்கள் ஓவியன்